எட்டாம் நம்பர் ஷூ

அந்த வீட்டில் யாரும் காலை நீட்டி உட்காரக் கூடாது. சட்டம் போட்டவள் நகக்காரி. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் இந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் முப்பது குடும்பத்துக்கும் அவள் நகக்காரிதான். பெரிய தெருவில் உள்ள அழகு நிலையத்தில் காலுக்கான நாற்காலி அவளுடைய பொறுப்பு. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் போனால், குட்டி ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, அதன்மேல் யாரோ ஒருத்தியின் காலை வைத்துக்கொண்டு பொழுதைக் கழித்துவிட்டு ராத்திரி எட்டரைக்குத் திரும்பி வருவாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் படியேறுவாள்.

"நாள் பூரா ஊரார் காலு என் மடியில. வீட்டுக்கு வந்தும் கால் மூஞ்சில முழிக்கணுமா? மடக்கி உட்காருங்க. இல்லன்னா வராந்தாவுல போய் உட்காருங்க."

இதை நான் என் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே கேட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். சுவர் அவ்வளவு மெல்லிசு. கட்டினவனைக் கேளுங்கள்.

அவளுடைய வேலையைக் குறைத்துச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அவள் நாற்காலியில் நானும் ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறேன். வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிஷம் ஊறவைத்து, பித்தவெடிப்பில் செத்த தோலை மட்டும் தேய்த்தெடுத்து, பச்சைத் தோல் தெரிந்த இடத்தில் கையை நிறுத்திவிடுவாள். கூடவே வாயும் ஓடும். "நகத்த நேரா வெட்டுங்க. ஓரத்தைத் தோண்டாதீங்க. தோண்டினா அது கோபத்துல சதைக்குள்ள பாயும்." விரலிடுக்கில் வெள்ளையாய் ஊறிக் கிடந்தால், "சேற்றுப்புண்ணும்மா இது. குளிச்சதும் இடுக்கைத் துடைங்க, காய விடுங்க. அரிப்பு நின்னுச்சேன்னு மருந்தை நிறுத்தாதீங்க, அது உள்ளதான் இருக்கும்." நகம் மஞ்சளாய்த் தடித்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தால் பாலிஷைக் கையில் எடுக்கவே மாட்டாள். "மூடி மறைக்கிற விஷயமில்ல. டாக்டர்கிட்ட போங்க. மாசக்கணக்கா மாத்திரை போடணும்." வந்தவள் முகம் சுளித்துப் போய் முதலாளியம்மாவிடம் புகார் சொல்வாள். முதலாளியம்மா இவளைத் திட்டுவாள். இவள் அடுத்த காலுக்கும் அதையேதான் சொல்வாள்.

ஊர்க் காலையெல்லாம் பார்த்தவள் சொந்த வீட்டில் இருந்த காலைப் பார்க்கவில்லை. அதற்கு அவளை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். வரிசையாக நிறைய பேர் இருக்கிறோம். அந்த வரிசையில் நானும் ஒருத்தி.

அவள் புருஷனைக் கட்டடத்தில் கம்பம் என்பார்கள். ஆள் உயரம், மெலிவு, நின்றால் நின்ற இடத்தில் நிற்பான். நாலு மாடி ஜவுளிக்கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவல். பத்து மணிக்குக் கடை திறப்பதிலிருந்து ஏழு மணிவரை நிற்க வேண்டும். ஸ்டூல் கிடையாது. சுவரில் சாயக் கூடாது. ஆறு வருஷமாக சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். சம்பாதிப்பதில் அவனுக்கு அப்படி ஒரு ரோஷம். நடுவில் ஒரு வருஷம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது, பெண்டாட்டி வாங்கி வந்த அரிசியைச் சாப்பிடக் கூச்சப்பட்டு அரை வயிறு சாப்பிட்டவன்.

இந்தக் காவல் கம்பெனியில் சட்டை, பேன்ட், தொப்பி, ஷூ எல்லாம் அவர்களே தருவார்கள். ஷூ புதிது என்று நினைத்துவிடாதீர்கள். வேலையை விட்டுப் போகிறவன் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். அது அலமாரிக்குள் இருக்கும். அடுத்து வருகிறவன் மாட்டிக்கொள்ள வேண்டும். முன்னவன் வியர்வையும் அவன் விரலிடுக்கில் இருந்ததும் சேர்ந்துதான் வரும். முதல் நாள் கம்பம் வந்து என் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

"எட்டு இருக்கு, ஏழு இருக்கு, எது வேணும்னாரு டெய்லரம்மா. எனக்கு ஒன்பது சார்னேன். ரெண்டு நாள் போட்டா இளகிரும்யா, நீ என்ன மாப்பிள்ளையா, அளவெடுத்துத் தைக்கன்னுட்டாரு."

சொன்னவர் மேற்பார்வையாளர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் ஆட்கள் வைத்த பெயர் விசில். ஷூ இளகவில்லை. ஒரு வாரம் கழித்து இவன் சொந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். போன வருஷம் நகக்காரி பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது, முன்பக்கம் அகலமாக இருக்கும். விசில் அவனை வாசலிலேயே நிறுத்தி, "கம்பெனி ஷூ இல்லன்னா டூட்டி இல்ல. சட்டம்னா சட்டம்தான்" என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அரைநாள் போனது. மறுநாளிலிருந்து எட்டாம் நம்பர்தான்.

முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கலாம். வீட்டில்தான் கால் என்ற பேச்சுக்கே தடையாயிற்றே. மருந்துக்கடையில் போய்க் கேட்டான். கடைக்காரன் காலைப் பார்க்காமலே ஒரு களிம்பு டியூபை எடுத்துப் போட்டான். ரெண்டே நாளில் அரிப்பு நின்றது. அப்புறம் ரெண்டு மடங்காய் உள்ளங்காலெல்லாம் படர்ந்தது. படர்ந்து பெருவிரல் நகத்துக்குள் போனது. நகம் தடித்தது. தடித்த நகத்தை ஷூ அமுக்கியது. அமுக்கின நகம் சதையைக் குத்தியது.

இதில் இன்னொருத்தி இருக்கிறாள், அவனுடைய அக்கா. தாய் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். புருஷன் இல்லை, இவர்களோடுதான் இருக்கிறாள். தம்பிக்கு ஒன்று என்றால் உயிரை விடுவாள், அதில் சந்தேகமே இல்லை. பாசம் இருந்தால் போதுமா, கொஞ்சம் மூளையும் வேண்டாமா? நக ஓரத்தில் தோல் தடித்திருப்பதைப் பார்த்து அது கால் ஆணி என்று முடிவு கட்டிவிட்டாள். பிளேடால் சீவிவிட்டு, ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியை அதன்மேல் ஒட்டினாள். ஆணியைக் கரைக்கிற அமிலம் அதில் இருக்கிறது. ஆணி இருந்தால் ஆணியைக் கரைக்கும். இல்லையென்றால் சதையைக் கரைக்கும். சர்க்கரைக்காரன் காலுக்கு எரிச்சல் தெரியாது. "வலிக்குதாடா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்லக்கா" என்றிருக்கிறான். வலிக்கவில்லை என்றால் குணமாகிறது என்று அர்த்தமாம்.

அவள் அந்தப் பிளாஸ்திரி வாங்கியபோது நானும் அதே மருந்துக்கடையில் தலைவலி மாத்திரைக்கு நின்றிருந்தேன். யாருக்கு என்று கேட்க வாய் வந்தது. நமக்கெதுக்கு ஊர் வம்பு என்று மூடிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் வெளியே வந்தது. நல்ல வெயில் காலம், கரண்ட் வேறு இல்லை. கம்பம் வீட்டுக்குள் காலுறையோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குச் சுவர் வழியாக முதலில் கேட்டது தட்டு உருளும் சத்தம்.

"என்ன வாடை இது?"

"என்ன வாடை? ஒண்ணுமில்ல."

"பதினெட்டு வருஷமா காலை மோந்துகிட்டு உட்கார்ந்திருக்கேன். எனக்குத் தெரியாதா? காலுறையக் கழட்டு."

"அது வியர்வைடி. துவைக்கல."

"கழட்டுங்கறேன்!"

அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அதுதான் என்னை எழுப்பிவிட்டது. மெஷினில் ஊசியைக் குத்தியபடியே விட்டுவிட்டு ஓடினேன்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் கால் அவள் மடியில் இருந்தது. காலுறை சதையோடு ஒட்டியிருந்ததால் தண்ணீர் விட்டு விட்டு, நூல் நூலாக உரித்துக்கொண்டிருந்தாள். வைதுகொண்டே உரித்தாள், ஆனால் கை மட்டும் பதறவே இல்லை. பிளாஸ்திரி வந்தபோது தோலும் கூடவே வந்தது. பெருவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. நகத்தின் ஓரத்தில் ஒரு குழி. குழிக்குள் என்ன இருந்தது என்று நான் எழுத மாட்டேன்.

"எத்தனை நாளா?"

அவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேட்கிறேன். எத்தனை நாளா இதை மூடி வச்சிருக்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசம்! போறவ வரவ காலையெல்லாம் கழுவி விடுறேன். எவளோ ஒருத்திக்குக் குதிகால்ல கீறல் விழுந்தா மூணு தடவை தடவிப் பார்க்கறேன். நீ யாருய்யா எனக்கு? வழிப்போக்கனா?"

"நீதான வீட்டுல காலைக் காட்டாதன்னு..."

"ஆமாய்யா, சொன்னேன்! இடுப்பு விட்டுப்போய் வந்து உட்கார்ந்தவ எரிச்சல்ல சொன்னேன். சோறு போடும்போது கொட்டிக்கோன்னுகூடத்தான் சொல்றேன். கொட்டிக்கவா செய்யற? சாப்பிடறல்ல?"

அக்காக்காரி கதவோரம் நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். நகக்காரி பிளாஸ்திரியை விரல் நுனியில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"இது யார் பார்த்த வைத்தியம்?"

"நான்தாம்மா. ஆணின்னு நினைச்சேன். எனக்கு ஒட்டினப்ப சரியாப் போச்சு."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கா அண்ணி?"

"இல்ல."

"அவருக்கு?"

அக்கா தம்பியின் காலைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுல காலுக்கு வைத்தியம் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்போம்னு தோணலயா? நான் செத்தா போயிட்டேன்?"

"நீ பார்த்தா வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்லுவ. அவன் போகலன்னா அந்த இடம் போயிரும். பழையபடி அவன் மூலையில உட்கார்ந்து அரை வயிறு சாப்பிடறதை என்னால பார்க்க முடியாது."

"ஓஹோ! அவரு நிமிர்ந்து நிக்கணும், காலு அழுகினா பரவாயில்ல. நல்லா இருக்கு உங்க நியாயம்!"

என்னைப் பார்த்ததும் அவளுடைய குரல் மாறியது. "டெய்லரு, ஒரு வண்டி பிடி. இது என் கை வைக்கிற வேலையில்ல. கத்தி வைக்கிறவங்க பார்க்க வேண்டியது."

நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. தூக்கம் கெட்ட முகம். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து அவன் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தொடும்போது சொல்லுங்கள் என்றார். எட்டு இடத்தில் தொட்டார். கம்பம் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். "ஆரம்பிங்க டாக்டர்" என்றான். நகக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புண்ணைச் சுத்தம் செய்து, சதைக்குள் போன நகத்தை வெட்டியெடுத்து, கட்டுப் போட்டு, டாக்டரம்மா ஒன்றையே மூன்று தடவை சொன்னார்.

"ஷூ கூடாது. ஆறு வாரம். கொஞ்ச நேரம், அவசரத்துக்கு, எதுக்கும் கூடாது. நிக்கவும் கூடாது. தினமும் காலைல இங்க வந்து கட்டு மாத்தணும். வீட்டுல பிரிக்காதீங்க. இப்படி இருந்தா விரல் தங்கலாம். எலும்புக்குப் போச்சுன்னா விரலை எடுக்கணும். பூஞ்சைக்கு மாத்திரை அப்புறம் பார்த்துக்கலாம், அது உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. இந்தப் புண்ணு பண்ணும்."

"இந்த ஷூவ எத்தனை பேரு போட்டிருக்காங்கன்னு தெரியாது டாக்டர்" என்றாள் நகக்காரி.

"வெயில்ல காயவச்சாங்களா?"

"அலமாரிக்குள்ள பூட்டி வச்சாங்க."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வேகமாக வைத்தார். அவருக்கும் கோபம் வந்தது. ஆனால் வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நகக்காரி ஜவுளிக்கடைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். கடைக்குப் பின்னால் படிக்கட்டின் அடியில் காவலாளிகளின் அறை. ஒரு மேஜை, ஒரு இரும்பு அலமாரி, சுவர் முழுக்க ஆணிகளில் தொப்பிகள். மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும் புழுக்கம். மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விசில் கடிதத்தை மேலோட்டமாய்ப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"லீவு எடுக்கட்டும்மா. வேண்டாம்னா சொல்றேன்? ஆனா இடம் காலியா இருக்க முடியாது. வேற ஆளு வந்துருவான்."

"லீவு வேண்டாம் சார். கேமரா பார்க்கிற ரூமுல உட்கார வைங்க. செருப்போட உட்காரட்டும். யாரும் பார்க்கப் போறதில்ல."

"யூனிபார்ம்ல செருப்பா? மேல தெரிஞ்சா என் வேலை போயிரும்."

"சரி, ஆறு வாரம் கழிச்சாவது அவரு சொந்த ஷூவப் போட விடுங்க. அகலமா இருக்கு. விரல் பிழைக்கும்."

"இதையேதான் அவன்கிட்டயும் சொன்னேன். கம்பெனி ஷூதான். ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேட்பான். சட்டம் நான் போட்டதில்லம்மா."

அவள் பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க காலைக் கொஞ்சம் காட்டுங்க. ஷூவக் கழட்டுங்க. இந்த ஆளு பார்க்கட்டும். உங்க மூணு பேரு விரலிடுக்குலயும் என்ன இருக்குன்னு கழட்டாமலே நான் சொல்லுவேன்."

ஒருத்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இன்னொருத்தன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். வயதான மூன்றாமவர் மட்டும் குனிந்து ஷூக் கயிற்றில் கை வைத்தார். விசில் தொண்டையைக் கனைத்தார். பெரியவர் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

எனக்கு அங்கே இருந்த அத்தனை தொப்பியையும் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. பூனைக்கு மணி கட்டச் சொல்லவில்லை ஐயா, ஷூவைக் கழற்றத்தானே சொன்னாள்! திரும்பி வரும்போது அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். தெருமுனையில் நின்று, "வேலை போனா மயிராச்சு. விரல்தான் வேணும்" என்றாள். வீட்டில் அதைப் புருஷனிடமும் அக்காவிடமும் சத்தமாகவே சொன்னாள். இருவரும் தலையாட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் எட்டு மணிக்கு வேலைக்குப் போனாள். ஒன்பதுக்கு எனக்குப் பக்கத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கம்பம் யூனிபார்மில் நின்றான். கட்டைப் பிரித்து, விரலில் மெல்லிசாக ஒரு துணி சுற்றி, பவுடர் கொட்டி, அக்கா அந்த ஷூவை மாட்டிவிட்டிருந்தாள்.

"என்ன அநியாயம்யா இது?"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "டெய்லரம்மா, அவகிட்ட சொல்லிடாதீங்க. வெள்ளிக்கிழமை மேலிடத்துலருந்து ஆய்வுக்கு வராங்க. அதுவரைக்கும் ஆளு குறையக் கூடாதாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் நில்லு, அப்புறம் ஆறு வாரம் லீவு, இடம் உனக்குத்தான்னு விசிலு ஆளனுப்பிச் சொல்லிட்டாரு. நாலே நாளு. எனக்கு வலியே இல்ல."

"வலி இல்லாததுதானய்யா உனக்கு வியாதியே!"

"நாலு நாளு, டெய்லரம்மா. உங்க தம்பியா நினைச்சுக்கங்க."

அக்காவும் கும்பிட்டாள். நான் சரியென்று சொல்லவில்லை. ஆனால் நகக்காரியிடம் சொல்லவும் இல்லை. சொல்லாதது சரியென்று சொன்னதுதான். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் நகக்காரி, "காலைல போய்க் கட்டு மாத்துனீங்களா அண்ணி?" என்று கேட்டாள். "மாத்தியாச்சும்மா" என்றாள் அக்கா. தம்பி வேலையிலிருந்து வந்தவுடன் அக்காவே புதுத்துணியால் கட்டிவிட்டது எனக்குத் தெரியும். டாக்டர் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நகக்காரி வெள்ளைக் கட்டை மேலாகப் பார்த்து, "இன்னைக்குக் கசிவு இல்ல" என்று சந்தோஷப்பட்டாள். நான் மெஷினை வேகமாக ஓட்டினேன், அதைக் கேட்காமலிருக்க.

புதன் போனது. வியாழன் ராத்திரி என்னால் முடியவில்லை. அவள் படியேறும்போது வழியிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்றைக்கும் அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை.

"உனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்?"

"தெரியும்."

"என் சுவத்துக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருக்க. ஒரு தட்டுத் தட்டியிருக்கலாமே டெய்லரு."

அவள் உள்ளே போனபோது அவனுக்குக் குளிர்சுரம் தொடங்கியிருந்தது. கட்டைப் பிரித்தாள். அதன்பிறகு வையவும் இல்லை, அழவும் இல்லை. பாதத்தின் மேல் கணுக்கால்வரை ஓடிய சிவப்புக் கோட்டை ஆட்காட்டி விரலால் தொட்டுக்கொண்டே போனாள். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு மேலிடம் வந்ததாம், இவன் இல்லாமலே ஆள் கணக்கு சரியாக இருந்ததாம். கம்பம் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான். சனிக்கிழமை பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா அவளை வெளியே கூப்பிட்டு, பெருவிரல் இல்லாமல் நெடுநேரம் நிற்கிற வேலை இனிக் கஷ்டம் என்றார். அவள், "நிக்கிறதைத் தவிர அவருக்கு வேற வேலை தெரியாதும்மா" என்றாள். அக்கா வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டாள். நகக்காரி போய் அவள் கைகளைப் பிடித்து நிறுத்தினாள். ஆறுதல் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். "அடிச்சுக்காதீங்க அண்ணி. அடிச்சுக்கிட்டா தீர்ந்துரும். தீரக் கூடாது" என்றாள்.

என்னிடம் பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் காலையில் வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு துணிப்பை.

"யூனிபார்மையும் ஷூவையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆளு வந்துட்டுப் போறான். இடத்துக்கு வேற ஆளு எடுத்துட்டாங்களாம். ஷூ இல்லாம அவன் நிக்க முடியாதாம். உன் பெரிய கத்தரியைக் கொடு."

துணி வெட்டுகிற கத்தரியால் நான் காகிதம்கூட வெட்ட விடமாட்டேன். முனை மழுங்கினால் அதோடு போச்சு. எடுத்துக் கொடுத்தேன். ஷூ கனமான தோல், கத்தரி வழுக்கியது. நான் ஷூவைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அவள் இரண்டு கையாலும் வெட்டினாள். நாக்கை வெட்டினாள், பக்கவாட்டை வெட்டினாள், முன்பக்கத்தை நாலாய் வெட்டினாள். உள்ளே இருந்த அட்டை ஊறி, கறுத்து, துண்டு துண்டாய்ப் பிய்ந்து வந்தது. அடிப்பகுதி மட்டும் அசையவில்லை, அதை என் வீட்டு வெட்டுக்கத்தியால் பிளந்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் சோப்புப் போட்டு என் கையையும் அவளே விரலிடுக்குவரை தேய்த்துக் கழுவிவிட்டாள்.

படிக்கட்டின் அடியிலிருந்த அறையில் விசில் இருந்தார். பெஞ்சில் ஒரு புது ஆள், நாற்பது வயசிருக்கும், புது யூனிபார்ம் போட்டு, காலுறையோடு உட்கார்ந்திருந்தான். அவன் கழற்றி வைத்த சொந்த ஷூ பெஞ்சுக்கு அடியில் இருந்தது.

"வந்தீங்களா? கடை திறக்கிற நேரம். ஷூவக் கொடுங்க, இவன் போடணும்."

நகக்காரி துணிப்பையைத் தலைகீழாக மேஜைமேல் கவிழ்த்தாள். சட்டை, பேன்ட், தொப்பியோடு தோல் துண்டுகள் கடகடவென்று விழுந்தன. ஒன்று உருண்டுபோய் விசிலின் டீத் தம்ளரில் மோதியது.

"என்னம்மா இது? கம்பெனிப் பொருளு இது! பைத்தியமா உனக்கு?"

"ஆமா, கம்பெனிப் பொருளுதான். என் புருஷன் விரலையும் சேர்த்து எடுத்துக்கிட்ட பொருளு. எண்ணிப் பார்த்துக்கங்க, ஒரு துண்டு குறையாது."

"ஏங்க, எனக்கு இன்னைக்குத்தாங்க முதல் நாளு" என்றான் புது ஆள், அழாத குறையாக. "ஷூ இல்லாம நிக்க விடமாட்டாங்களே. என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் சொன்னதும் நியாயம்தான்.

விசில் அலமாரியைத் திறந்து உள்ளே தலையை விட்டுத் தேடினார். கடை திறக்கும் மணி அடித்தது. அவர் அலமாரியைச் சாத்திவிட்டு, புது ஆளின் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"ஏழுதான் இருக்கு. சரி விடு, உன் ஷூவையே மாட்டிக்க. கருப்பாத்தான இருக்கு? போதும். ஓடு, ஓடு, கதவைத் திறக்கப் போறாங்க."

புது ஆள் ஷூவை மாட்டிக் கயிறு கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நகக்காரி மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"கருப்பா இருந்தா போதுமா?"

விசில் ஒரு நோட்டை அவள் பக்கம் தள்ளி, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"அவசரத்துக்கு அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறதுதாம்மா. யார் வந்து பார்க்கப் போறாங்க? சட்டை, பேன்ட், தொப்பி வந்துருச்சு. ஷூ சேதம்னு போட்டுடறேன். இந்த இடத்துல ஒரு கையெழுத்து."

அவள் நோட்டைப் பார்க்கவில்லை. அவள் கத்தியது நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்.

"அவரு ஷூவும் கருப்புதான்டா!"